உணவுக்குதவாத எண்ணெய்கள்: எரிபொருளா, வேதிப்பொருளா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், உணவுக்குப் பயன்படாத தாவர எண்ணெய்களை எரிபொருளாகவும் வேதிப்பொருள்களாகவும் மாற்றுவது குறித்து ஓர் அறிமுகக் கட்டுரை வெளியானது. புங்கம், காட்டாமணக்கு, வேம்பு, புன்னை, ஆமணக்கு, ரப்பர் விதை ஆகியவற்றின் எண்ணெயில் பெட்ரோலியத்தில் உள்ளவற்றை ஒத்த நீண்ட கரிமச் சங்கிலிகள் இருக்கின்றன என்பதும், அவற்றை நமக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்ற இயலும் என்பதும் அதன் சாரம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் காலத்திலேயே அது கடலை எண்ணெயில் ஓடியது என்று படித்திருக்கிறேன். அப்படியானால், புங்க எண்ணெயை நன்றாக வடிகட்டி நேராக டாங்கில் ஊற்றினால் என்ன? – டிராக்டர் வைத்திருக்கும் வாசகர்

நீங்கள் படித்தது உண்மை. 1900-ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட அந்த எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று ருடால்ப் டீசல் 1912-இல் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் கண்காட்சியில் சில மணி நேரம் ஓடுவது வேறு, வயலில் ஆண்டுக்கணக்கில் ஓடுவது வேறு.

சிக்கல் எண்ணெயின் பாகுநிலையில், அதாவது அது எளிதில் ஓடாத கெட்டித்தன்மையில், இருக்கிறது. 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் டீசலின் பாகுநிலை ஏறத்தாழ 2 முதல் 4 சென்டிஸ்டோக்ஸ். பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு அது 30 முதல் 40 வரை இருக்கும். இன்ஜெக்டரின் நுண்துளை வழியே டீசல் நுண்ணிய தூவலாகப் பாயும். எண்ணெயோ பெரிய துளிகளாகப் பாய்கிறது. பெரிய துளிகள் முழுமையாக எரியாமல் இன்ஜெக்டரின் முனையிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாகப் படிகின்றன. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்து, நாளடைவில் அதைக் கூழாக்கிவிடுகிறது. மெதுவாகச் சுழலும் பழைய எஞ்சின்கள் இதைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைச் செலுத்தும் இன்றைய எஞ்சின்கள் பொறுக்கா. எண்ணெயைச் சூடாக்கிச் செலுத்தினால் பாகுநிலை குறையும் என்றாலும், அதில் இயல்பாகவே உள்ள பசைப்பொருள்கள் அப்படியே இருக்கும். ஆகவே, தயவுசெய்து ஊற்ற வேண்டாம்.

எஞ்சினை எண்ணெய்க்கு ஏற்ப மாற்றுவதை விட எண்ணெயை எஞ்சினுக்கு ஏற்ப மாற்றுவது எளிது என்று கண்டவர்களில் முன்னோடி, பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் என்ற ஆய்வாளர். பாமாயிலை ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து எஸ்டராக (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மமாக) மாற்றும் முறைக்கு 1937 ஆகஸ்டில் அவர் பெல்ஜியக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே அந்த எரிபொருளில் பேருந்து ஓடியது. இன்று பயோடீசல் என்று நாம் அழைப்பதன் தொடக்கம் அதுதான்.

பயோடீசல் தயாரிப்பில் உண்மையில் என்ன நடக்கிறது? என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காக வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறாள். செய்யலாமா? – ஒரு தாய்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் செய்ய வேண்டாம். இதற்குத் தேவைப்படும் மெத்தனால், உட்கொண்டால் பார்வையைப் பறித்து உயிரையும் பறிக்கக்கூடியது. அதன் ஆவியும் கேடு. தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குப் புலப்படாத அளவு வெளிறியிருக்கும். பள்ளி ஆய்வகத்தில், வேதியியல் ஆசிரியரின் முன்னிலையில், உரிய காற்றோட்ட வசதியுடன் மிகச் சிறிய அளவில் செய்யலாம். உங்கள் மகளின் ஆர்வம் பாராட்டத்தக்கது. அந்த ஆர்வத்துக்குப் பாதுகாப்பான இடம் ஆய்வகம்தான்.

இனி வேதியியல். எந்தத் தாவர எண்ணெயை எடுத்துக்கொண்டாலும், அதன் பெரும்பகுதி டிரைகிளிசரைடு என்ற மூலக்கூறால் ஆனது. கிளிசரின் என்ற சிறிய முதுகெலும்பில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இணைந்திருப்பதே அதன் அமைப்பு. மூன்று சங்கிலிகளும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால்தான் மூலக்கூறு பருத்து, எண்ணெய் பாகாக இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை வினையூக்கியாகச் சிறிதளவு சேர்த்து, மெத்தனாலுடன் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் கலக்கினால், ஒவ்வொரு சங்கிலியும் கிளிசரினை விட்டுப் பிரிந்து ஒரு மெத்தனாலுடன் சேர்ந்துகொள்கிறது. அவ்வாறு உருவாகும் மெத்தில் எஸ்டரே பயோடீசல். அதன் பாகுநிலை 4 முதல் 5 வரை இறங்கிவிடும். கணக்குப்படி 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ பயோடீசலையும் 10 கிலோ கிளிசரினையும் தருகின்றன. வினை பின்னோக்கித் திரும்பாதிருக்க, தேவையைப் போல் இரு மடங்கு மெத்தனாலைச் சேர்த்து, மிஞ்சியதைப் பின்னர் வாலைவடித்து, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து, மீட்பது வழக்கம்.

இந்த எளிய முறை நன்கு சுத்திகரித்த உணவு எண்ணெய்க்குப் பொருந்தும். உணவுக்குதவாத எண்ணெய்களில் அது அப்படியே பலிப்பதில்லை. மரத்தடியில் உதிர்ந்து, மழையில் நனைந்து, பல வாரங்கள் மூட்டையில் கிடந்த விதைகளில், விதையிலேயே உள்ள நொதிகள் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்துவிடுகின்றன. காறல் நெடிக்கும் இதில் பங்கு உண்டு. தனித்த கொழுப்பு அமிலம் காரத்தோடு சேர்ந்தால் உருவாவது பயோடீசல் அன்று, சோப்பு. அந்தச் சோப்பு, எஸ்டரையும் கிளிசரினையும் பிரியவிடாமல் ஒரே குழம்பாகக் கட்டிப்போட்டுவிடும். தனித்த அமிலம் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டினாலே தொல்லைதான். காட்டாமணக்கு எண்ணெயிலும் ரப்பர் விதை எண்ணெயிலும் அது 15 பங்கைத் தொட்டதாகப் பதிவுகள் உண்டு. எனவே முதலில் கந்தக அமிலத்தை வினையூக்கியாகக் கொண்டு அந்தத் தனித்த அமிலங்களை எஸ்டராக்கிவிட்டு, வினையில் பிறந்த நீரை நீக்கி, அதன்பின் காரத்துடன் இரண்டாம் கட்டத்தைச் செய்கிறார்கள். உணவுக்குதவாத எண்ணெய் மலிவாகக் கிடைத்தாலும் அதைப் பயோடீசலாக்கும் செலவு கூடுவது இதனால்தான். விதையைப் பறித்தவுடன் உலர்த்தி, ஈரம்படாமல் சேமித்தாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி குறைந்துவிடும் என்பதைச் சேகரிப்பவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம்.

பயோடீசல் புகையைக் குறைக்குமா? – பேருந்து ஓட்டுநர்

கரும்புகை குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் சற்றுக் கூடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் கனரக எஞ்சின் சோதனைகளைத் தொகுத்தபோது, 20 சதவீதப் பயோடீசல் கலந்த டீசலில் நுண்துகள் ஏறத்தாழ 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும் குறைந்திருந்தன; நைட்ரஜன் ஆக்சைடு 2 சதவீதம் கூடியிருந்தது. மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிதல் முழுமையடைகிறது என்பது நுண்துகள் குறைவதற்கு முக்கியக் காரணம்.

‘பயோடீசல்’, ‘புதுப்பிக்கத்தக்க டீசல்’ என்று இரண்டு பெயர்களைக் காண்கிறேன். இரண்டும் ஒன்றா? விமானத்தில் பயன்படுவது எது? – பொறியியல் மாணவர்

ஒன்றல்ல. மூலப்பொருள் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பிறக்கும் பொருள் வேறு. பயோடீசல் ஓர் எஸ்டர். அதன் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன் புகையைக் குறைக்க உதவினாலும், எரிபொருளின் ஆற்றல் செறிவைக் குறைக்கிறது. மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகளும் எஞ்சியிருப்பதால் நெடுநாள் சேமிப்பில் காற்றோடு வினைபுரிந்து பசையாகிறது. குளிரில் மெழுகுபோல் உறைகிறது. புதுப்பிக்கத்தக்க டீசலோ, அந்த ஆக்சிஜனை முழுவதும் நீக்கிய, பெட்ரோலிய டீசலில் உள்ளவற்றைப் போன்ற, கரிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட வெறும் ஹைட்ரோகார்பன்.

ஆக்சிஜனை நீக்கும் வேலையை ஹைட்ரஜன் செய்கிறது. 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில், பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், நிக்கல்–மாலிப்டினம் அல்லது கோபால்ட்–மாலிப்டினம் சல்பைடு வினையூக்கியின் மீது எண்ணெயையும் ஹைட்ரஜனையும் செலுத்தும்போது, முதலில் இரட்டைப் பிணைப்புகள் நிறைவுறுகின்றன. பிறகு கிளிசரின் முதுகெலும்பு புரோப்பேன் வாயுவாகப் பிரிகிறது. ஆக்சிஜன் நீராக வெளியேறுகிறது. புங்க எண்ணெயில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலச் சங்கிலிகளை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 100 கிலோ எண்ணெய்க்கு 3.4 கிலோ ஹைட்ரஜன் செலவாகி, 86 கிலோ பாரஃபினும் (இரட்டைப் பிணைப்பில்லாத ஹைட்ரோகார்பன்) 5 கிலோ புரோப்பேனும் 12 கிலோ நீரும் கிடைக்கும். ஆக்சிஜனை நீராக அல்லாமல் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றும் வழியும் உண்டு. அதில் ஹைட்ரஜன் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொரு சங்கிலியும் ஒரு கரிம அணுவை இழந்துவிடும். எந்த உலையிலும் இரண்டு வழிகளும் கலந்தே நடக்கின்றன. எதை மிகுவிப்பது என்பது வினையூக்கியையும் ஹைட்ரஜனின் விலையையும் பொறுத்த முடிவு.

இவ்வாறு கிடைக்கும் நேர்ச்சங்கிலிப் பாரஃபின் எஞ்சினில் அருமையாக எரியும். எரிபொருள் எவ்வளவு விரைவாகத் தானே பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் அதற்கு 70-க்கும் மேல். சாதாரண டீசலுக்கு 50-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆனால் 18 கரிம அணுக்கள் கொண்ட நேர்ச்சங்கிலி 28 டிகிரியிலேயே உறைந்துவிடும். பன்னாட்டு விமானங்களில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளோ பூச்சியத்துக்குக் கீழே 47 டிகிரி வரை உறையக்கூடாது. எனவே இரண்டாவது உலையில், பிளாட்டினம் ஏற்றிய நுண்துளை வினையூக்கியின் மீது செலுத்திச் சங்கிலிகளில் கிளைகளை உண்டாக்குகிறார்கள். விமான எரிபொருளுக்காகச் சிலவற்றை வெட்டிக் குறுக்குகிறார்கள். கிளைத்த மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட முடியாததால் உறைவது தள்ளிப்போகிறது.

பின்லாந்தின் போர்வோவில் நெஸ்டே நிறுவனத்தின் முதல் ஆலை 2007-இல் இம்முறையில் இயங்கத் தொடங்கியது. 2008 டிசம்பர் 30 அன்று ஏர் நியூசிலாந்து நிறுவனம் ஒரு போயிங் 747 விமானத்தின் நான்கு எஞ்சின்களில் ஒன்றைக் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் பாதி கலந்து இயக்கிச் சோதித்தது. இந்தியாவில் 2018 ஆகஸ்டில், டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து உருவாக்கிய எரிபொருளைக் கலந்து, ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. பன்னாட்டுத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்., 2011-இல் இவ்வகை எரிபொருளை வழக்கமான விமான எரிபொருளுடன் 50 சதவீதம் வரை கலக்க ஒப்புதல் அளித்தது.

ஆமணக்கு எண்ணெயையும் எரிபொருளாக்கலாமே? அதை ஏன் யாரும் பேசுவதில்லை? – ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

ஆக்கலாம், ஆனால் ஆக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆமணக்கெண்ணெயை எரிபொருளாக எரிப்பது தேக்கை அடுப்புக்கு விறகாக வைப்பதைப் போன்றது.

ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். 18 கரிமச் சங்கிலியின் நடுவே, ஓர் இரட்டைப் பிணைப்பும் அதற்கு அருகே ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி) கொண்ட இந்த அமைப்பு, வேறு எந்தப் பெருவிளைச்சல் எண்ணெயிலும் இல்லை. அந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், எண்ணெயின் பாகுநிலை மற்ற எண்ணெய்களைவிடப் பல மடங்கு கூடுதல். மெத்தில் எஸ்டராக்கிய பின்னும் அது பயோடீசல் தர வரம்புக்குள் அடங்குவதில்லை. எரிபொருளுக்குக் குறையாகும் இதே அமைப்பு, வேதியியலாளருக்குப் பெருங்கொடை.

அதன் மெத்தில் எஸ்டரை 500 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் சிறிது நேரம் செலுத்தினால், சங்கிலி குறிப்பிட்ட ஓரிடத்தில் உடைந்து, 11 கரிம அணுக்கள் கொண்ட அன்டெசிலினிக் எஸ்டரையும் 7 கரிம அணுக்கள் கொண்ட ஹெப்டனல் என்ற ஆல்டிஹைடையும் தருகிறது. ஹெப்டனல் நறுமணப் பொருள்களுக்கு மூலப்பொருள். 11 கரிமத் துண்டு பூஞ்சைக்கொல்லி மருந்துக்கும், அதைவிட முக்கியமாக நைலான்-11 என்ற நெகிழிக்கும் அடிப்படை. 1940-களில் பிரான்சில் உருவாக்கப்பட்டு ரில்சான் என்ற பெயரில் இன்றும் விற்கப்படும் அந்த நைலான், லாரிகளின் காற்று பிரேக் குழாய்களிலும் எரிபொருள் குழாய்களிலும் பயன்படுகிறது. அதே எண்ணெயைச் செறிந்த காரத்துடன் சூடாக்கினால் சங்கிலி வேறோர் இடத்தில் உடைந்து, 10 கரிம அணுக்களின் இரு முனைகளிலும் அமிலத் தொகுதி கொண்ட செபாசிக் அமிலம் கிடைக்கிறது. நைலான் 6,10, உயர்வெப்பக் கிரீஸ், மசகெண்ணெய் ஆகியவற்றுக்கு அது வேண்டும். ஒரே எண்ணெய், வெட்டும் முறையைப் பொறுத்து வெவ்வேறு நீளத் துண்டுகளைத் தருகிறது. இந்தத் துல்லியத்தைப் பெட்ரோலியத்திலிருந்து பெற வேண்டுமானால், சிறு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பல படிகளில் கட்டி எழுப்ப வேண்டும்.

செடி தன் உழைப்பால் கட்டிய ஒரு வடிவத்தை, அந்த வடிவம் எங்கே தேவையோ அங்கே பயன்படுத்துவதுதான் முறை என்று நான் கருதுகிறேன். எரிப்பதற்கு வடிவம் தேவையில்லை. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் இப்படிப்பட்டதே. அது டிரைகிளிசரைடே அன்று. சூடாக்கினால் நீண்ட சங்கிலியுடைய கார்டனால் என்ற ஃபீனால் கிடைக்கும். வாகனங்களின் பிரேக் பட்டைகளிலும் கப்பல் வண்ணப்பூச்சுகளைக் கெட்டிப்படுத்தும் பொருள்களிலும் அது இடம்பெறுகிறது. உணவு ஆலையின் கழிவான ஓட்டிலிருந்தே கிடைப்பதால், அதற்கென ஒரு சென்ட் நிலம்கூடத் தேவையில்லை.

பயோடீசலோடு வரும் கிளிசரினை என்ன செய்வது? – சிறுதொழில் முனைவோர்

தொழில் தொடங்கும் முன்பே இதைக் கேட்டது நல்லது. ஆலையிலிருந்து வரும் கிளிசரின் தூய்மையானதன்று. மெத்தனால், சோப்பு, உப்பு, நீர் எல்லாம் கலந்த பழுப்புக் குழம்பு. மருந்துத் தரத்துக்கு உயர்த்த, வெற்றிடத்தில் வாலைவடிக்க வேண்டும்; சிறு ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. கிடைக்கிறதே என்று அடுப்பில் எரிக்கவும் கூடாது. வெப்பம் போதாமல் எரிந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் அக்ரோலின் என்ற நச்சு உண்டாகும். மெத்தனாலை மீட்டெடுத்தபின் சாண எரிவாயுக் கலனில் சிறிதளவு சேர்ப்பது, சிறு ஆலைகளுக்கு இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று. அளவு மீறினால் கலனின் நுண்ணுயிர்கள் அமிலத்தில் மடியும் என்பதால் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

பெரிய அளவில் நிலைமை வேறு. ஒரு காலத்தில் புரோப்பிலீன் என்ற பெட்ரோலிய வாயுவிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்து, அதிலிருந்து கிளிசரினைச் செய்துவந்தார்கள். பயோடீசல் பெருகிக் கிளிசரின் விலை சரிந்ததும், ஓட்டம் தலைகீழாகித் தாவரக் கிளிசரினிலிருந்தே எபிகுளோரோஹைட்ரின் செய்யும் ஆலைகள் எழுந்தன. எபாக்சிப் பிசின்களுக்கு அதுவே மூலப்பொருள். ஹைட்ரஜனேற்றிப் புரோப்பிலீன் கிளைக்காலாக்கும் வழியும் தொழில்முறையில் நடப்பில் இருக்கிறது.

தரிசு நிலத்தில் காட்டாமணக்கு நட்டால் பணம் கொட்டும் என்றார்கள். நட்டவர்கள் பிடுங்கி எறிந்தார்கள். இப்போது புங்கம் நடச் சொல்கிறார்கள். நம்பலாமா? – ஓர் உழவர்

உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்வது உங்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

2000-களின் முதற்பத்தாண்டில் இந்தியா, தான்சானியா, மொசாம்பிக் உள்ளிட்ட பல நாடுகளில் காட்டாமணக்கு ஒரு பேரலையாக எழுந்தது. இந்தியத் திட்டக்குழுவின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை 1 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் அதை வளர்க்கலாம் என்று மதிப்பிட்டது. 2009-இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கின் அருகில்கூடச் செல்ல முடியவில்லை. காரணம் செடியின் துரோகம் அன்று. வறண்ட நிலத்தில் உயிர் பிழைத்திருக்கும் செடியை, வறண்ட நிலத்தில் நன்றாகக் காய்க்கும் செடி என்று எடுத்துக்கொண்டார்கள். நீரும் உரமும் இல்லாத இடத்தில் அது வேலியாக நின்றது, காய்க்கவில்லை. நன்றாகக் காய்க்க, நல்ல நிலமும் பாசனமும் கேட்டது. அப்போது உணவுப் பயிருடன் போட்டி வந்துவிட்டது. இன்னொன்று, அது பயிராகப் பழக்கப்படுத்தப்படாத காட்டுச் செடி. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் இருப்பதுபோல் தேர்ந்தெடுத்த விதைகள் அதற்கு இல்லை. ஒரே குலையில் பூவும் காயும் பழமும் ஒருங்கே இருக்கும். ஆகவே பலமுறை கையால் பறிக்க வேண்டும். விதையின் மதிப்பைவிடப் பறிகூலி கூடிவிட்டது. ஒரு செடியின் இயல்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பார்ப்பதற்கு முன் உழவரின் நிலத்தில் அதைப் பரப்பியதுதான் பிழை; அந்தப் பிழையின் விலையை உழவரே கொடுத்தார்.

புங்கம் சில வகைகளில் மேலானது. அது பயறுக் குடும்பத்து மரம். வேர்முடிச்சுகளால் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். உவரையும் ஓரளவு நீர்த்தேக்கத்தையும் தாங்கும். விதையில் 30 சதவீதத்தை ஒட்டி எண்ணெய் உண்டு; அதில் ஒலியிக் அமிலம் பாதியளவு இருப்பதால், சேமிப்புக்கும் குளிருக்கும் இடையே நல்ல சமநிலை கிடைக்கும். ஆனால் காய்க்கத் தொடங்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து எழுந்த கன்றுகளில் ஒரு மரத்துக்கும் மறு மரத்துக்கும் விளைச்சல் பெரிதும் மாறும். நன்கு காய்க்கும் தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றாக இருந்தால் மட்டும் எண்ணிப்பாருங்கள்; அதையும் விளைநிலத்தில் அல்லாமல் வரப்பிலும் ஓடைக்கரையிலும் தொடங்குங்கள். விதையை வாங்குபவர் எழுத்தில் ஒப்பந்தம் தராதவரை தோப்பு போடாதீர்கள். என்னைக் கேட்டால், சாலையோரங்களிலும் தோப்புகளிலும் ஏற்கெனவே நிற்கும் மரங்களின் விதையை வீணாகாமல் சேர்த்து, உலர்த்தி, ஆட்டுவதற்கு ஏற்பாடு செய்வதே முதல் வேலை.

எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா? – பலரும் கேட்டது

காட்டாமணக்குப் பிண்ணாக்கை ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலுள்ள கர்சின் என்ற புரதம் வேகவைத்தால் செயலிழக்கும். ஆனால் ஃபோர்பால் எஸ்டர்கள் வெப்பத்துக்கு அழியா. ஆமணக்குப் பிண்ணாக்கில் ரிசின் என்ற கடும் நச்சு தங்கிவிடுகிறது. இவற்றை மட்கவைத்து எருவாக்குவதே பொருத்தம். எரிபொருள் ஆலையின் வரவுசெலவில் பிண்ணாக்கின் விலை பெரும்பங்கு வகிப்பதால், தீவனமாகாத பிண்ணாக்கு அந்த எண்ணெயின் செலவைக் கூட்டிவிடுகிறது. மெக்சிகோவில் நச்சற்ற காட்டாமணக்கு வகை இயற்கையாகவே இருப்பது, இனச்சேர்க்கை செய்பவர்களுக்கு நம்பிக்கை தருகிறது.

செடி உறிஞ்சிய கரியைத்தானே எரிக்கும்போது திருப்பித் தருகிறோம்? அப்படியானால் கணக்கு நேர்தானே? – பள்ளி ஆசிரியர்

வகுப்பறையில் அப்படிச் சொல்லித் தொடங்குவதில் பிழையில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடக்கூடாது. ஒலியிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டரான மெத்தில் ஒலியேட்டில் உள்ள 19 கரிம அணுக்களில் 18 எண்ணெயிலிருந்து வந்தவை. ஒன்று மெத்தனாலிலிருந்து வந்தது. அந்த மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ செய்யப்படுகிறது. ஹைட்ரஜன் முறையிலும் இதே நிலைதான்: எரிவாயுவிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் செய்தால் ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். உரமிட்டால் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழும். இவை எல்லாவற்றையும் கழித்த பின்னும் பெட்ரோலிய டீசலைவிடக் கணிசமான மிச்சம் இருக்கக்கூடும்.

அந்த மிச்சத்தை ஒரேயடியாக விழுங்கக்கூடியது நிலம்தான். காட்டை அழித்தோ, உணவுப் பயிரை வேறு இடத்துக்குத் தள்ளி அங்கே காட்டை அழிக்க வைத்தோ எண்ணெய்ச் செடி வளர்த்தால், மரத்திலும் மண்ணிலும் தேங்கியிருந்த கரி ஒரே வீச்சில் வெளியேறும். அதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். எண்ணெய் உணவுக்குதவாதது என்பதால் மட்டும் போட்டி நீங்கிவிடாது. உணவோடு போட்டியிடுவது எண்ணெயைவிட அது வளரும் மண்ணும் அது குடிக்கும் நீரும்தான். எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், ‘இந்த நிலத்தில் இதற்குமுன் என்ன இருந்தது?’ என்று உங்கள் மாணவர்கள் கேட்கப் பழகட்டும்.

உலகம் முழுவதும் பெட்ரோலியத்துக்குப் பதில் இதையே பயன்படுத்த முடியுமா? – அஞ்சலட்டையில் வந்த கேள்வி

முடியாது. உலகம் ஓராண்டில் எடுக்கும் கச்சா எண்ணெய் 400 கோடி டன்னுக்கும் மேல். உலகின் அனைத்துத் தாவர எண்ணெய்களும், உண்பவை உட்பட, 20 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். எல்லாவற்றையும் சேர்த்து எரித்தாலும் இருபதில் ஒரு பங்கு தேறும்; உணவுக்குதவாதவற்றின் பங்கு அதில் ஒரு சிறு கூறு. மின்கலத்தில் ஓடக்கூடிய காருக்கும் பேருந்துக்கும் இந்த அரிய எண்ணெயைச் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. மின்கலத்தின் எடையைச் சுமந்துகொண்டு கடல் கடக்க முடியாத விமானத்துக்கும், கரிமச் சங்கிலியே மூலப்பொருளாக வேண்டிய பிசின், மசகு, நெகிழித் தொழில்களுக்கும் அது முதலில் செல்ல வேண்டும்.

இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். தீராத சிக்கல்கள் எவை? – முதுகலை வேதியியல் மாணவி

நிறையவே உண்டு, எனக்கு முக்கியமாகப்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, அமிலமும் நீரும் மிகுந்த மட்டமான எண்ணெயை ஒரே கட்டத்தில் எஸ்டராக்கும் திண்ம வினையூக்கி. திண்ம அமில வினையூக்கிகள் பல ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் மறுசுழற்சியில் செயல்முனைகளை இழந்துவிடுகின்றன. எந்த வினையூக்கியையும் சுத்திகரித்த எண்ணெயில் மட்டும் சோதிக்காமல், செக்கிலிருந்து வந்த எண்ணெயில் பலமுறை சோதித்து வெளியிடுங்கள்.

இரண்டாவது, ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பை வெட்டி, 9 கரிம அணுக்கள் கொண்ட அசெலாயிக், பெலர்கோனிக் அமிலங்களைப் பெறுவது. தொழில்துறையில் இதற்கு நெடுங்காலமாக ஓசோனைப் பயன்படுத்துகிறார்கள். ஓசோனை உண்டாக்க மின்சாரம் மிகுதியாகச் செலவாகும், அதைக் கையாள்வதும் ஆபத்து. ஹைட்ரஜன் பெராக்சைடையோ காற்றையோ கொண்டு, அதே துல்லியத்துடன் வெட்டும் மலிவான வினையூக்கிக்கு இன்னும் பெருந்தேவை இருக்கிறது. இரட்டைப் பிணைப்புகளின் கூட்டாளிகளை மாற்றும் மெட்டாதிசிஸ் வினைக்காக ஷோவான், கிரப்ஸ், ஷ்ராக் மூவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வினையால் மெத்தில் ஒலியேட்டையும் எத்திலீனையும் சேர்த்து, பயனுள்ள 10 கரிமத் துண்டுகள் இரண்டைப் பெறலாம். ஆனால் ருத்தீனியம் வினையூக்கி, எண்ணெயிலுள்ள பெராக்சைடு மாசுகளால் விரைவில் செயலிழக்கிறது.

மூன்றாவது, பலரும் கௌரவக் குறைவாக நினைத்து ஒதுக்கும் முன்சுத்திகரிப்பு. செக்கு எண்ணெயிலுள்ள பாஸ்பரசும் கால்சியமும் மக்னீசியமும், ஹைட்ரஜன் உலையின் விலையுயர்ந்த வினையூக்கியின் துளைகளை அடைத்துவிடுகின்றன. பாஸ்பரசின் அளவைப் பத்து லட்சத்தில் சில பங்குகளுக்குக் கீழே, சிறு ஆலையும் தாங்கக்கூடிய செலவில், நீரை அதிகம் மாசுபடுத்தாமல் இறக்க ஒரு வழி கண்டால், கிராமத்துச் செக்கின் எண்ணெயும் பெரிய சுத்திகரிப்பு ஆலையின் வாயிலைத் தாண்டி உள்ளே செல்லும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மூன்றாவதைத்தான் எடுத்துக்கொள்வேன்.